ஹேண்ட்பிரேக் போட்டும் கார் ஏன் கொஞ்சம் உருளுது? எது நார்மல், எது கோளாறு, நீங்களே எப்படி செக் பண்றது – முழு வழிகாட்டி

கோத்தகிரியில ஒரு ஹோம்ஸ்டே வாசல், நல்ல ஏத்தம், வண்டி மூக்கு மேல பார்த்து நிக்குது. பிரேக்கை மிதிச்சேன், ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், நியூட்ரல் பண்ணேன், காலை எடுத்தேன். வண்டி பின்னாடி ஒரு நழுவு நழுவி டொக்குன்னு நின்னுச்சு. பின் சீட்ல இருந்து அம்மா "டேய் வண்டி போகுதுடா"ன்னு ஒரு சத்தம், அதுக்குள்ள என் வீட்டம்மா கதவைத் திறந்து ஒரு காலை வெளிய வெச்சாச்சு. நான் பதறிப்போய் மறுபடி பிரேக்கை மிதிச்சு, லீவரை இன்னும் ரெண்டு கிளிக் இழுத்து, இறங்கிப் போய் ஒரு கல்லைத் தேடி டயருக்கு முட்டு குடுத்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு.

ஊருக்கு வந்ததும் பண்ண முதல் வேலை, வீட்டுப் பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல போய் "ஹேண்ட்பிரேக் நிக்கல, டைட் பண்ணுங்க"ன்னு சொன்னது. அதுதான் நான் பண்ண தப்பு. அந்தக் கதையை கீழ சொல்றேன். முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க, உருள்றதுல ரெண்டு வகை இருக்கு. கொஞ்சம் நகர்ந்து டொக்குன்னு நின்னு, அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் ஆனாலும் அசையாம இருந்தா அது வண்டி "உட்கார்றது". நகர்ந்துக்கிட்டே இருந்தா, இல்ல நின்னு ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி நகர்ந்தா, அது கோளாறு. இது ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாமதான் பாதிப் பேரு நல்லா இருக்கிற பிரேக்கை டைட் பண்ணி கெடுக்கறாங்க, மீதிப் பேரு கெட்டுப்போனதை "அது அப்படித்தான்"னு விட்டுடறாங்க.

அந்த நழுவல் எங்க இருந்து வருது

கால் பிரேக்கை மிதிச்சா நாலு வீலும் பிடிக்கும். ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்ல பின்னாடி ரெண்டு வீலை மட்டும்தான் பிடிக்கும். அப்ப நீங்க காலை எடுக்கிற அந்த நொடியில என்ன ஆகுது, நாலு பேரு தூக்கிட்டு இருந்த பீரோவை ரெண்டு பேரு மேல விட்டுட்டு மத்த ரெண்டு பேரு கையை எடுத்துடற மாதிரி. ஒரு அமுங்கு அமுங்கத்தான் செய்யும். பின் ஆக்சிலை பாடியோட சேர்த்துப் பிடிச்சிருக்கிறது ரப்பர் புஷ், அந்த ரப்பர் நசுங்கும். டயரோட பக்கச்சுவர் லேசா முறுக்கும். பின் வீல் ஒரு இம்மி கூட சுத்தாமலே பாடி மட்டும் பின்னாடி போகும், உள்ள உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு வண்டியே போற மாதிரி இருக்கும். என் அம்மா கத்தினதுல பாதி இதுக்குத்தான்.

மீதிப் பாதி டிரம்முக்குள்ள இருக்கு. நம்ம ஊர்ல ஓடுற ஹேட்ச்பேக் நிறையவற்றுல பின்னாடி டிரம் பிரேக்தான். டிரம்முக்குள்ள பிறைநிலா மாதிரி ரெண்டு ஷூ, அதுக்கு மேல உரசிப் பிடிக்கிற லைனிங். நீங்க லீவரை இழுத்தா கேபிள் போய் ஒரு ஷூவுல இருக்கிற சின்ன லீவரை இழுக்கும், அது நடுவுல இருக்கிற ஸ்ட்ரட் வழியா இன்னொரு ஷூவையும் தள்ளும், ரெண்டும் டிரம்மை உள்ள இருந்து அழுத்திப் பிடிக்கும். ஆனா இந்த ஷூ ரெண்டும் போல்ட் போட்டு இறுக்கி வெச்சதில்லை, ஸ்ப்ரிங்ல தொங்கிட்டு இருக்கு, கொஞ்சம் ஆட இடம் இருக்கு. சரிவுல வண்டி வீலைச் சுத்தப் பார்க்கும்போது டிரம் அந்த ஷூவையும் சேர்த்து இழுத்துட்டுப் போகும், ஷூ முனை அதோட தாங்கு இடத்துல போய் முட்டும், அங்கதான் அந்த டொக். டிரம் விட்டம் 200 மில்லிமீட்டர்னு வெச்சுக்கங்க, அதோட ஓரத்துல ஷூ 2 மில்லிமீட்டர் நகர்ந்தா, 28 சென்டிமீட்டர் ஆரம் இருக்கிற டயர் தரையில கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் உருளும். சின்ன விஷயம்தான், ஆனா புஷ், டயர் எல்லாத்தோடயும் சேர்ந்தா ரெண்டு மூணு விரல் அகலம் வந்துடும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அந்த உருளலே பிடியை ஏத்துது. டிரம் சுத்தற திசையில இழுபடற ஷூ இன்னும் அழுத்தமா டிரம்மோட போய் ஒட்டிக்கும், வண்டி எவ்வளவுக்கு இழுக்குதோ அவ்வளவுக்கு அது கடிக்கும். அதனால லைட்டா நகர்ந்து கெட்டியா நிக்கிற டிரம் பிரேக்கைப் பார்த்து பயப்பட வேண்டியதே இல்லை.

அந்த பிரேக் எவ்வளவு தாங்குதுன்னு ஒரு கணக்கும் போட்டுப் பார்த்துக்கங்க. 900 கிலோ கார், 10 சதவீத சரிவு, அதாவது 10 அடி போனா 1 அடி ஏறுற ரோடு, அங்க வண்டியைக் கீழ இழுக்கிற விசை கிட்டத்தட்ட 90 கிலோ. அதே வண்டியில நாலு பேரும் லக்கேஜும் ஏறி 1250 கிலோ ஆகி, சரிவும் 20 சதவீதம் ஆச்சுன்னா இழுப்பு 245 கிலோவைத் தொடும். ஐ.நா.வோட 13-ஹெச் பிரேக் விதிப்படி, முழு லோடுல இருக்கிற காரை 20 சதவீத சரிவுல பார்க்கிங் பிரேக் நிறுத்திக் காட்டணும், அதுக்கு கையால இழுக்கிற விசை 400 நியூட்டனைத் தாண்டக்கூடாது, சுமார் 40 கிலோ. 40 கிலோ இழுப்புங்கறது லேசுப்பட்டது இல்லைங்க, அரிசி மூட்டையைத் தூக்கற மாதிரி. ரெண்டு விரல்ல லீவரைச் சுண்டி இழுத்துட்டு "நிக்கல"ன்னு சொல்றவங்க இதை யோசிக்கணும்.

ஸ்டெப் 1: சாக்பீஸ் டெஸ்ட்

லேசான சரிவுல, பின்னாடி ஆளோ வண்டியோ சுவரோ குழந்தைங்களோ இல்லாத இடத்துல வண்டியை நிறுத்துங்க. கால் பிரேக்கை மிதிச்சபடி நீங்க உள்ள இருங்க, வெளிய ஒரு ஆள் வேணும். பின் டயர் தரையைத் தொடற இடத்துல, டயர் பக்கத்துல ஆரம்பிச்சு தரை வரைக்கும் நேரா ஒரே கோடா சாக்பீஸ்ல இழுக்கச் சொல்லுங்க. அப்புறம் பம்பர் ஓரத்துக்கு நேர் கீழ தரையில ஒரு கோடு. மொத்தம் ரெண்டு. கோடு போட்ட ஆள் பக்கவாட்டுல தள்ளி நிக்கணும், வண்டிக்குப் பின்னாடி நிக்கவே கூடாது.

இப்ப ஹேண்ட்பிரேக்கை நல்லா இழுத்து, நியூட்ரல் பண்ணி, காலை மெதுவா எடுங்க. எடுத்தாலும் கால் பெடலுக்கு மேலயே இருக்கணும்.

பம்பர் கோடு விலகிச்சு, ஆனா பின் டயர் கோடு அப்படியே நேரா இருக்குன்னா, வீல் சுத்தவே இல்லை, பாடி மட்டும்தான் சாஞ்சிருக்கு. புஷ் வேலை. அதுவே அளவுக்கு மீறி டங்கு டங்குன்னு சத்தத்தோட நகர்ந்தா புஷ் வெடிச்சிருக்கலாம், அதை சஸ்பென்ஷன் ஆள்கிட்ட காட்டுங்க, பிரேக்கை நோண்டாதீங்க. டயர் கோடும் கொஞ்சம் விலகி நின்னுடுச்சுன்னா ஷூ உட்கார்ந்திருக்கு. அஞ்சு நிமிஷம் அப்படியே விட்டுப் பாருங்க, கோடு அதே இடத்துல இருந்தா பாஸ். என் அளவுகோல், பம்பர் கோடு ஒரே தடவை மூணு விரல் அகலத்துக்குள்ள விலகி நின்னா எனக்கு ஓகே. அதுக்கு மேலன்னா, இல்ல மெதுவா ஊர்ந்துக்கிட்டே போச்சுன்னா, அடுத்த ஸ்டெப்புக்குப் போங்க.

என் வண்டியில என்ன ஆச்சு தெரியுமா, நாலு விரல் போய் நின்னுச்சு, ஆனா ரெண்டு நிமிஷத்துல இன்னொரு விரல் போயிடுச்சு. அந்த இன்னொரு விரல்தான் விஷயமே.

ஸ்டெப் 2: கிளிக்கை எண்ணுங்க

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, பட்டனை அமுக்காம, லீவரை கீழ இருந்து மெதுவா இழுங்க, டிக் டிக்னு எண்ணுங்க. எத்தனை கிளிக்ல கெட்டியாகுது? வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல் புத்தகத்துல எழுதியிருக்கும், நிறைய ஹேட்ச்பேக்ல 5-ல இருந்து 9-க்குள்ள வரும். என்னுது 11 வந்துச்சு. கிளிக் அதிகமா இருந்தா லைனிங் தேய்ஞ்சிருக்கணும், இல்ல ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கணும், இல்ல கேபிள் நீண்டிருக்கணும். கிளிக் சரியா இருந்தும் வண்டி நழுவினா, கேபிள் நடுவுல துருப்பிடிச்சு இழுப்பு வீலுக்குப் போய்ச் சேரலை, இல்லன்னா லைனிங் மேல ஆயில், தண்ணி, பளபளப்பு. ரெண்டு மூணு கிளிக்லயே கெட்டியானா சந்தோஷப்படாதீங்க, யாரோ கேபிளை ஓவரா இறுக்கியிருக்காங்க.

ஸ்டெப் 3: கை கால் வரிசையை மாத்துங்க

இது காசு செலவில்லாத ஸ்டெப். நிறையப் பேருக்கு பிரச்சனை இங்கயே தீர்ந்துடும்.

கால் பிரேக்கை முழுசா மிதிங்க. கால் மிதிச்சபடியே ஹேண்ட்பிரேக்கை இழுங்க. நியூட்ரல் பண்ணுங்க. இப்ப காலை படக்குன்னு எடுக்காம ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணி மெதுவா விடுங்க, வண்டி தானா போய் உட்காரட்டும். உட்கார்ந்ததும் மறுபடி கால் பிரேக்கை மிதிச்சு லீவரை இன்னொரு கிளிக் ஏத்துங்க, அப்புறம்தான் கியர், அப்புறம்தான் இன்ஜின் ஆஃப். மிதிச்சபடி இழுக்கிறதுல ஒரு லாபம் இருக்கு, ஷூவை ஏற்கனவே ஆயில் பிரஷர் டிரம்மோட ஒட்ட வெச்சிருக்கும், கேபிள் அந்த தூரத்தை இழுக்கத் தேவையில்லை, அதே கை பலத்துல இன்னும் நல்லா பிடிக்கும்.

வண்டியை நிறுத்தின பிறகு ஆளுங்க ஏறினாலும் மூட்டை ஏத்தினாலும் பாரம் மாறும். கல்யாண வீட்டு வாசல் சரிவுல காலியா நின்ன வண்டியில பாத்திரம் பண்டம் ஏத்த ஏத்த அது மெல்ல ஊரும். அப்ப இன்னொரு தடவை இழுத்து விடணும்.

ஸ்டெப் 4: ஆட்டோமேட்டிக்கா? கதை வேற

ஆட்டோமேட்டிக் கார்ல 'பி'-ல, அதாவது பார்க்ல, போட்டா என்ன ஆகுதுன்னா, கியர்பாக்ஸ் உள்ள பல்லு வெட்டின ஒரு வளையத்துல ஒரு சின்ன இரும்புக் கொக்கி விழும். விழுந்தா வளையம் சுத்தாது, வீலும் சுத்தாது. ஆனா கொக்கி பல்லுக்கு நேரா மேல நின்னா விழ முடியாது, அடுத்த பள்ளம் வர்ற வரைக்கும் வண்டி நகரணும். உதாரணத்துக்கு வளையத்துல 18 பள்ளம், அங்க இருந்து வீலுக்கு 4-க்கு 1 விகிதம்னு வெச்சுக்கங்க. ஒரு பள்ளத்துக்கு வளையம் 20 டிகிரி, வீல் 5 டிகிரி, டயர் சுற்றளவு 1.8 மீட்டர்னா 2.5 சென்டிமீட்டர். அதனால 'பி' போட்டு காலை எடுத்ததும் வண்டி ஒரு இஞ்ச் போய் டக்குன்னு நின்னா அது கொக்கி விழுந்த சத்தம்.

இங்க எல்லாரும் பண்ற தப்பு, முதல்ல 'பி', அப்புறம் காலை எடு, கடைசியா ஹேண்ட்பிரேக். அப்படிப் பண்ணா மொத்த வண்டி பாரமும் அந்தக் கொக்கி மேல தொங்கிடும், ஹேண்ட்பிரேக் சும்மா பேருக்கு. மறுநாள் காலையில 'பி'-ல இருந்து எடுக்கும்போது லீவர் நகராது, பலம் போட்டு இழுத்தா டங்குன்னு ஒரு சத்தம், வயித்தைக் கலக்கும். சரியான வரிசை இது: கால் பிரேக், 'என்', ஹேண்ட்பிரேக், காலை மெதுவா விட்டு வண்டியை உட்கார வைங்க, திரும்ப கால் பிரேக், அப்புறம் 'பி'. கிளம்பும்போது தலைகீழ், கால் பிரேக்கை மிதிச்சு 'பி'-ல இருந்து எடுத்த பிறகுதான் ஹேண்ட்பிரேக்கை விடணும். வண்டி ஓடிட்டு இருக்கும்போது மட்டும் 'பி' போட்டுடாதீங்க, கொக்கி பல்லு மேல கடகடன்னு தட்டிட்டே போகும்.

ஏஎம்டி கார் வெச்சிருக்கிறவங்க கவனிங்க. ஏஎம்டிங்கறது உள்ள சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மட்டும் மிஷின் மிதிக்குது. பல ஏஎம்டி கார்ல 'பி'-யே கிடையாது. 'என்'-ல போட்டு ஆஃப் பண்ணிட்டுப் போனா ஹேண்ட்பிரேக் ஒண்ணுதான் துணை. கால் பிரேக்கை மிதிச்சபடி 'டி' இல்லன்னா 'ஆர்'-ல வெச்சு இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, அப்பதான் கியர் விழுந்து நிக்கும். உங்க மேனுவல்ல இதுக்கு ஒரு பக்கம் இருக்கும், படிச்சுடுங்க.

இன்னொண்ணு, ஹில் ஹோல்ட், அதாவது மேட்டுல காலை எடுத்த பிறகும் கால் பிரேக்கோட பிரஷரைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கிற வசதி. மேட்டுல காலை எடுத்ததும் வண்டி ரெண்டு மூணு செகண்டு அசையாம நிக்கும், "ஆஹா ஹேண்ட்பிரேக் பிடிச்சுடுச்சு"ன்னு நினைப்போம், அப்புறம் அது பிரஷரை விட்டதும் வண்டி உருளும். அது வரைக்கும் நிறுத்தினது ஹேண்ட்பிரேக் இல்லை. அதனால டெஸ்ட் பண்ணும்போது காலை எடுத்துட்டு குறைஞ்சது பத்து செகண்டாவது பாருங்க.

ஸ்டெப் 5: ஜாக்கி போட்டு வீல் வீலா பாருங்க

சமதளம். முன் டயர் ரெண்டுக்கும் முன்னயும் பின்னயும் கட்டை. மேனுவல் வண்டியா இருந்தா ஃபர்ஸ்ட் கியர், முன் வீல் டிரைவா இருந்தா அது முன்னாடியைப் பிடிச்சுக்கும். பின்னாடி ஜாக்கி போட்டு ஏத்தி, ஸ்டாண்ட் குடுத்து நிறுத்துங்க. ஸ்டாண்ட் இல்லாட்டி இந்த ஸ்டெப்பை விட்டுடுங்க, வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க.

லீவர் முழுசா கீழ இருக்கும்போது வீலைக் கையால சுத்துங்க, லேசா சுத்தணும், உரசல் இருந்தா மெல்லிசா இருக்கலாம். ஒரு ஆளை உள்ள உட்கார வெச்சு ஒவ்வொரு கிளிக்கா ஏத்தச் சொல்லி, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திச் சுத்துங்க. ரெண்டும் ஒரே கிளிக்ல இறுகணும். ஒரு பக்கம் 5-ல இறுகி இன்னொரு பக்கம் 9 வரைக்கும் சுத்திட்டே இருந்தா, உங்க ஹேண்ட்பிரேக் ஒத்தைக் கால்ல நிக்குது. லீவர்ல இருந்து வர்ற இழுப்பை ரெண்டு பக்க கேபிளுக்கும் பிரிச்சுக் குடுக்கிற ஒரு சின்ன பிளேட்டு இருக்கும், அது நேரா இல்லாம ஒரு பக்கமா சாஞ்சு நின்னாலும் இதே அர்த்தம்தான்.

ஸ்டெப் 6: அட்ஜஸ்ட்மென்ட், முதல்ல ஷூ அப்புறம்தான் கேபிள்

இப்ப என் கதை. நான் போன ஒர்க்‌ஷாப்ல ஒரு பையன் சீட்டுக்கு நடுவுல இருக்கிற கவரைக் கழட்டி, லீவருக்குக் கீழ இருக்கிற நட்டை ஸ்பேனர்ல நாலு சுத்து சுத்தினான், 11 கிளிக் 4 ஆயிடுச்சு, 200 ரூபா வாங்கிட்டான், நானும் அசந்துபோய் வந்துட்டேன். ரெண்டு வாரத்துல கால் பிரேக் பெடல் முன்னவிட ஆழமா போக ஆரம்பிச்சது. ஒரு நாள் அவினாசி ரோட்டுல போயிட்டு வந்து நிறுத்தினா இடது பின் வீல்ல சூடு, கருகின வாடை, ரிம் பக்கத்துல கையை வைக்க முடியலை.

அடுத்து போனது ஒரு வயசான மெக்கானிக்கிட்ட. சாக்பீஸ் கதையெல்லாம் சொன்னேன், பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, கேபிளு இழுக்கறதுக்கு மட்டும்தானுங்க, தேய்மானத்தை அது சரி பண்ணாது"ன்னாரு. டிரம்மைக் கழட்டினாரு. இடது பக்கம் லைனிங் கன்னங்கரேல்னு கண்ணாடி மாதிரி மின்னுது, வலது பக்கம் அட்ஜஸ்டர் துருப்பிடிச்சு ஒரே இடத்துல கல்லா உறைஞ்சிருக்கு, ஸ்க்ரூடிரைவரை வெச்சு நெம்பினாலும் அசையலை. ஆக இத்தனை நாளா வலது பக்கம் வேலையே செய்யலை, நான் இறுக்கின கேபிள் இடது பக்கத்தை மட்டும் போட்டு அரைச்சிருக்கு.

விஷயம் என்னன்னா, ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானா குறைக்கிற அட்ஜஸ்டர் டிரம்முக்குள்ளயே இருக்கு. அது ஒழுங்கா வேலை செய்யணும்னா, ஹேண்ட்பிரேக் விட்டிருக்கும்போது ஷூவுல இருக்கிற அந்தச் சின்ன லீவர் முழுசா அதோட இருப்பிடத்துக்குத் திரும்பி வந்திருக்கணும். கேபிளை இறுக்கிட்டா லீவர் பாதியில தொங்கும், அட்ஜஸ்டர் கணக்கு தப்பிடும், ஷூ தேய்ஞ்சாலும் அது நகராது, பெடல் கீழ போகும்.

அதனால வரிசை இது. லீவரை முழுசா இறக்குங்க. கேபிள் நட்டை லூஸ் பண்ணி கேபிள் தொய்வா இருக்கிற அளவுக்கு விடுங்க. டிரம்மைக் கழட்டிப் பாருங்க, லைனிங் தடிமன், ஷூவை ஆயில் பிரஷர்ல தள்ளுற வீல் சிலிண்டர்ல கசிவு, ஸ்ப்ரிங், அட்ஜஸ்டர் எல்லாம். உள்ள இருக்கிற தூசியை வாயால ஊதாதீங்க, ஏர் அடிக்காதீங்க, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, பிரேக் கிளீனர் அடிச்சு நனைச்சுத் துடைங்க. லைனிங்ல பிரேக் ஆயில் ஊறியிருந்தா துடைச்சுப் பிரயோஜனம் இல்லை, சிலிண்டரையும் சரி பண்ணி ஷூவையும் மாத்தணும், ரெண்டு பக்கமும் சேர்த்தேதான் மாத்தணும். எல்லாம் மாட்டின பிறகு அட்ஜஸ்டர் தானா வேலை செய்யற வகைன்னா கால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிங்க, உள்ள டிக் டிக்னு கேட்கறது நிக்கிற வரைக்கும். சில வண்டியில ஹேண்ட்பிரேக்கை இழுத்து விட்டாதான் அது நகரும், மேனுவலைப் பாருங்க. ஷூ சரியான இடத்துக்கு வந்த பிறகு, கடைசியா, கேபிள் நட்டை இறுக்கி மேனுவல்ல சொன்ன கிளிக்குக்குக் கொண்டு வாங்க. லீவரை இறக்கி வீலைச் சுத்திப் பாருங்க, லேசா சுத்தணும்.

இந்த வேலையை நானே பண்ணேன்னு பொய் சொல்ல மாட்டேன், அவர் பண்ணாரு, நான் டார்ச் அடிச்சேன். பிரேக்குல முன்னப்பின்ன கை வெச்சு பழக்கம் இல்லாட்டி நீங்களும் டார்ச் அடிங்க. ஆனா எது முதல்ல எது அப்புறம்னு தெரிஞ்சு பக்கத்துல நின்னீங்கன்னா, யாரும் நேரா அந்த நட்டுல போய் ஸ்பேனரை வைக்க மாட்டாங்க.

ஸ்டெப் 7: பின்னாடி டிஸ்க் பிரேக் இருந்தா

டிஸ்க் கார்ல ஒரு விசித்திரமான பிரச்சனை இருக்கு, நிறையப் பேருக்குத் தெரியாது. மலையில இருந்து இறங்கி வர்றீங்க, பிரேக்கை நல்லா மிதிச்சிருக்கீங்க, டிஸ்க் கொதிக்குது. ஒரு வியூ பாயின்ட்ல நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டுட்டு மக்காச்சோளம் வாங்கப் போறீங்க. சூடா இருக்கிற டிஸ்க் கொஞ்சம் தடிச்சு இருக்கும், ஆற ஆற மெலியும், அதை ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பேடும் அப்படியே. இழுத்தப்ப இருந்த பிடி பத்து நிமிஷத்துல தளரும், அப்ப வண்டி ஆளில்லாம நகரும். டிரம்ல இது நேர்மாறு, டிரம் சூட்டுல அகலமாகி ஆறும்போது சுருங்கும், ஷூ மேல இன்னும் இறுக்கமாத்தான் உட்காரும்.

அதனால டிஸ்க் கார்ல இறக்கம் இறங்கி வந்து நிறுத்தினா வழக்கத்தைவிட ஒரு கிளிக் கூட இழுங்க, கியர்ல போடுங்க, கொஞ்ச நேரம் கழிச்சு வந்து இன்னொரு தடவை இழுத்துப் பாருங்க. பட்டன் ஹேண்ட்பிரேக் இருக்கிற கார்ல மோட்டார்தான் பிடிக்குது, நிறைய கார்ல அதுவே கொஞ்ச நேரம் கழிச்சு ஜிய்ங்னு ஒரு சத்தத்தோட மறுபடி இறுக்கிக்கும், நிறுத்தின வண்டியில இருந்து சத்தம் வருதேன்னு பயப்படாதீங்க. சில கார்ல டிஸ்க்குக்கு நடுவுலயே ஒரு குட்டி டிரம் இருக்கும், ஹேண்ட்பிரேக்குக்கு மட்டும். அது ஓட்டத்துல தேயறதே இல்லை, அதனால துருவும் பளபளப்பும் ஏறி வழுக்கும்.

பழைய லேண்ட்ரோவர் டிஃபென்டர், வில்லிஸ் ஜீப் மாதிரி வண்டியில ஹேண்ட்பிரேக் வீல்லயே கிடையாது, கியர்பாக்ஸுக்குப் பின்னாடி, ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டு போற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். ஷாஃப்ட் இணைப்பு, ரெண்டு பக்க வீலுக்கும் சுழற்சியைப் பிரிச்சுக் குடுக்கிற டிஃப்ரன்ஷியலோட பல்லு, ஆக்சில்னு வழியில இருக்கிற ஆட்டம் எல்லாம் சேர்ந்து, போட்ட பிறகு நல்லாவே தெரியற மாதிரி உருண்டுதான் நிக்கும், அது அந்த வண்டி குணம். ஆனா அதுல ஒரு பின் வீலை மட்டும் ஜாக்கியில தூக்கினீங்கன்னா டிஃப்ரன்ஷியல் வழியா தூக்கின வீல் எதிர்ப்பக்கம் சுத்தும், வண்டி ஜாக்கியை விட்டு உருண்டுடும். கட்டை இல்லாம பஞ்சர் வேலையே பார்க்காதீங்க.

ஸ்டெப் 8: மேட்டுல நிறுத்தும்போது

ஹேண்ட்பிரேக்கோட கியரும் சேரணும். மூக்கு மேல பார்த்தா ஃபர்ஸ்ட், கீழ பார்த்தா ரிவர்ஸ். ஆனா கியரை மட்டும் நம்பாதீங்க. கியர்ல நிக்கிற வண்டியைத் தாங்கறது இன்ஜினுக்குள்ள அமுங்கின காத்து, அது பிஸ்டன் ரிங் வழியா மெல்ல கசியும், கசிஞ்சதும் வண்டி கொஞ்சம் உருண்டு போய் அடுத்த சிலிண்டர்ல முட்டி நிக்கும். தேய்ஞ்ச இன்ஜின்ல ராத்திரி முழுக்க விட்டா காலையில வேற இடத்துல இருக்கும்.

ஸ்டியரிங்கையும் திருப்பி வைங்க. இடது ஓரம் பிளாட்பாரம் இருந்து மூக்கு மேல பார்த்தா சக்கரத்தை வலது பக்கம் திருப்புங்க, பின்னாடி உருண்டா முன் டயர் பிளாட்பாரத்துல முட்டும். மூக்கு கீழ பார்த்தா இடது பக்கம். பிளாட்பாரமே இல்லாத மலை ரோட்டுல மலைச் சுவர் இருக்கிற பக்கமா நிறுத்தி, சுவர் பக்கமா திருப்புங்க. பள்ளத்தாக்கு ஓரத்துல போட்டோவுக்காக நிறுத்தறவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்லை.

மழையில நனைஞ்ச வண்டியை நாள் கணக்கா நிறுத்தறதா இருந்தா மட்டும் சமதளமா பார்த்து, கியர்ல போட்டு, கட்டை வெச்சுட்டு, ஹேண்ட்பிரேக்கைப் போடாம விடுங்க, இல்லாட்டி ஷூ துருப்பிடிச்சு டிரம்மோட ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா முன்னயும் பின்னயும் மெதுவா அசைச்சுப் பார்க்கலாம், டக்குன்னு விடும், ஆக்சிலேட்டரை முறுக்கி இழுக்காதீங்க.

கட்டை விஷயத்துல, ரப்பர் கட்டை ஒரு ஜோடி வாங்கி டிக்கியில ஸ்டெப்னிக்குப் பக்கத்துல போட்டு வைங்க. வண்டி உருளப் பார்க்கிற பக்கமா, பின் டயரோட ஒட்டி வைக்கணும், ஒரு சாண் தள்ளி வெச்சா வண்டி வேகம் எடுத்து ஏறித் தாண்டிடும். கட்டை இல்லாம கல்லுதான் கிடைச்சதுன்னா உருண்டைக் கல்லு வேண்டாம், பட்டையா, ஆப்பு மாதிரி இருக்கிறதா பாருங்க. கிளம்பும்போது அந்தக் கல்லை நடுரோட்டுலயே விட்டுட்டுப் போயிடாதீங்க, பின்னாடி இருட்டுல பைக்ல வர்றவன் அதுலதான் ஏறுவான். ஓரமா தூக்கிப் போட்டுட்டு ஏறுங்க.